சுரங்கத்துக்குள் மெட்ரோ நின்றுவிட்டால் மூச்சு முட்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து மாதம் ஒரு முறை அம்மாவை பெங்களூருக்கு மருத்துவரிடம் கூட்டிப்போகிறீர்கள். பொம்மசந்திரா வரை பஸ், அங்கே மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி மெஜஸ்டிக். அம்மாவுக்கு ஆஸ்துமா, கூடவே முட்டிவலி. சுரங்கத்துக்குள் நின்றுபோன ரயிலிலிருந்து ஜனங்கள் செல்போன் வெளிச்சத்தில் நடந்து வரும் வீடியோவை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, அன்றிலிருந்து "பஸ்ஸே போதும்" என்கிறார். நீங்கள் எழுதியிருப்பது "மெட்ரோ பாதுகாப்பானதா" என்று. ஆனால் உங்கள் அம்மாவின் கேள்வி அது இல்லை. "அந்தக் குழாய்க்குள்ளே ரயில் நின்றுவிட்டால் எனக்கு மூச்சு கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என்ன செய்வது" என்பதுதான் அவர் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வருடம் மெட்ரோ சுரங்கங்களின் காற்றோட்ட வேலையில் இருந்தவன். பெரிய விசிறிகளை நிறுவுவது, சோதிப்பது, பிறகு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அவற்றை இயக்குவது என்று மூன்று ஊர்களில் வேலை. இப்போது காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவன் இல்லை, ஆகவே ஆஸ்துமாவைப் பற்றி நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. காற்றும் புகையும் நடந்துகொள்ளும் விதம் அதற்குள் மாறியிருக்காது. ரயிலில் எந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது மாறியிருக்கலாம். அதற்குக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தைத்தான் நம்ப வேண்டும், என்னை அல்ல.

முதலில் உங்கள் வழியைப் பார்ப்போம். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை போகும் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் திறந்தது. பத்தொன்பது கிலோமீட்டர் சொச்சம், பதினாறு நிலையங்கள், முழுவதும் தூண்கள்மேல்தான். அங்கிருந்து பச்சைப் பாதையில் நேஷனல் காலேஜ் வரையிலும் மேலேதான். அதற்கப்புறம்தான் பூமிக்குள் இறங்குகிறது: கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை, மெஜஸ்டிக். ஆக, அம்மா சுரங்கத்துக்குள் இருக்கப்போவது பத்து நிமிடத்துக்கும் குறைவு. இதைச் சொன்னாலே சிலருக்குப் பாதி பயம் போய்விடும். போகாதவர்களுக்கு மீதியையும் சொல்கிறேன்.

நம் பக்கத்து ஆட்கள் சுரங்கத்தைப் பற்றிப் பயப்படும்போது அவர்கள் மனதில் இருப்பது கிணறு. எங்கள் ஊரில் பெரியவர்கள் பாழடைந்த கிணற்றில் தூர்வார இறங்குமுன் வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு மேலும் கீழும் இழுப்பார்கள். விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்ப்பார்கள். அது மூடநம்பிக்கை இல்லை. கிணற்றுக்கு வாய் ஒன்றுதான். அடியில் சேரும் கெட்ட காற்று கனமானது, போக வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். உள்ளே டீசல் இன்ஜினை ஓட்டி, இறங்கியவனும் அவனைத் தூக்கப் போனவனும் சேர்ந்து செத்த கதை நம் மாவட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. மெட்ரோ சுரங்கம் கிணறு மாதிரி இல்லை. அது இரண்டு பக்கமும் திறந்த குழாய். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்கிற கணக்கில் நிலையம் வந்துவிடும். ஒவ்வொரு நிலையத்தின் இரு முனையிலும் ஆள் உயரத்தைவிடப் பெரிய விசிறிகள், தரைமட்டம் வரை எழும்பும் காற்றுக் கூண்டுகள். மெஜஸ்டிக் நடைமேடையில் நின்றால், ரயில் கண்ணில் படுமுன் முகத்தில் ஒரு காற்று வந்து அடிக்கும், கவனித்திருப்பீர்கள். சைக்கிள் பம்புக்குள் தண்டு காற்றைத் தள்ளுவதுபோல ரயில் தனக்கு முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ரயில் ஓடும்வரை சுரங்கத்துக்குக் காற்று ஊட்டுவது ரயிலேதான். ரயில் நின்றால் அது நின்றுவிடும். அந்த நேரத்துக்காகத்தான் விசிறிகள்.

சரி, விசிறியும் ஓடவில்லை, ரயில் ஏசியும் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்குள் ஏறக்குறைய 130 கன மீட்டர் காற்று இருக்கும். 250 பேர் நெருக்கி நிற்கிறார்கள். ஊசி நுழையாதபடி பெட்டியை அடைத்துவிட்டால்கூட, அரை மணி நேரத்தில் கரியமில வாயு இரண்டு சதவீதத்தைத் தாண்டும். தலைவலி வரும், மூச்சு வேகமாகும். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து பதினெட்டுக்குச் சற்று மேலே இறங்கியிருக்கும். அசௌகரியம்தான், உயிர் போகாது. இது என் கைக்கணக்கு, ஆய்வகத்தில் அளந்தது இல்லை. ஆனால் உண்மையில் எந்தப் பெட்டியும் அப்படி அடைபட்டிருப்பதில்லை. கதவு இடுக்கு, பெட்டிகளின் இணைப்பு, கூரையில் இருக்கும் துவாரம் என்று காற்று வந்துகொண்டே இருக்கும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் அவசர விளக்கும் உள் விசிறியும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஓடும்படிதான் ரயில்களை வடிவமைக்கிறார்கள். ஆகவே, "ஆக்சிஜன் தீர்ந்துவிடும்" என்ற பயம் வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன்.

உண்மையான தொல்லை வெப்பம். சும்மா நிற்கிற மனிதன் ஒவ்வொருவனும் நூறு வாட் அளவுக்குச் சூட்டைக் கக்குகிறான், பழைய குண்டு பல்பு மாதிரி. 250 பேர் என்றால் 25,000 வாட். ஒரு பெட்டிக்குள் இருபத்தைந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் சூடேற்றி வைத்தது போல. ஏசி நின்ற பத்தாவது நிமிடத்தில் சட்டை நனையும், கண்ணாடியில் ஆவி படியும். ஜனங்கள் மயங்கி விழுவது பெரும்பாலும் இதனால்தான். காலையில் சாப்பிடாமல் ஓடிவந்தவர்கள்தான் முதலில் விழுவார்கள். சுற்றியிருப்பவர்கள் அதை "காற்று இல்லை, மூச்சுத் திணறிவிட்டார்" என்று படித்துக்கொள்வார்கள். அப்புறம் கண்ணாடியை உடை, கதவைத் திற என்று ஆரம்பிக்கும். சூட்டையும் மூச்சையும் குழப்பிக்கொள்வதுதான் நின்றுபோன ரயில்களில் நடக்கிற முதல் தவறு.

ரயில் ஏன் நிற்கிறது, நின்றதும் என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உள்ளே இருப்பவருக்கு எதுவுமே நடக்காத மாதிரி தோன்றும். பிரேக் பிடித்தது விடாமல் போவது, மின்சாரம் தட்டிவிடுவது, ரயில் எங்கே இருக்கிறது என்பதை சிக்னல் கணினி தவறவிடுவது, கதவு சரியாக மூடவில்லை என்று ஒரு சென்சார் அடம்பிடிப்பது. நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி இவைதான். நின்றதும் ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார். பின்னால் வரும் ரயில்களை அந்தந்த நிலையத்திலேயே நிறுத்திவைப்போம். ஓட்டுநர் தன் பட்டியல்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். பெரும்பாலும் ஐந்தாறு நிமிடத்தில் ரயில் கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் பின்னாலிருந்தோ முன்னாலிருந்தோ இன்னொரு ரயிலைக் கொண்டுவந்து கோர்த்து, தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ அடுத்த நிலையத்துக்குப் போவோம். இதற்கிடையில் சுரங்க விசிறிகளை ஓடவிடுவோம், நின்ற ரயிலின் கூரையிலுள்ள ஏசி தன் சூட்டிலேயே வெந்து நின்றுவிடாமல் இருக்க. இறக்கி நடக்கவைப்பது கடைசி வழி. வீடியோவில் வருவது எப்போதும் அந்தக் கடைசி வழிதான். ஆறு நிமிடத்தில் கிளம்பிய ரயிலை யார் வீடியோ எடுப்பார்கள்?

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். மாலை நெரிசல் நேரம், இரண்டு நிலையங்களுக்கு நடுவே பிரேக் விடாமல் ஒரு ரயில் நின்றுவிட்டது. பின்னாலிருந்து மீட்பு ரயில் கிளம்பிவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் கோர்த்திருப்போம். அதற்குள் கடைசிப் பெட்டியில் ஒருவர் அவசரக் கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் தள்ளித் திறந்து, மூன்று பேர் குதித்து இருட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். தண்டவாளத்தில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த கணமே நாங்கள் மின்சாரத்தை வெட்டியாக வேண்டும். வெட்டினோம். அந்த ரயிலின் ஏசி போயிற்று. மீட்பு ரயிலும் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த மூன்று பேர் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாததால் எதிர்ச் சுரங்கத்தையும் நிறுத்தினோம். அங்கே இன்னொரு ரயில் மாட்டிக்கொண்டது. ஆட்களை அனுப்பித் தேடி, மூன்று பேரும் கிடைத்துவிட்டார்கள் என்று எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்க முடிந்தது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஒன்றே கால் மணி நேரம் ஆனது. குதித்தவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இருபது நிமிடமாக அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஆனால் ரயிலில் இருந்த மீதி ஆயிரம் பேரும் வெந்தது அந்த மூன்று பேரால்தான் என்பதும் உண்மை.

பெங்களூருக்கு இது இன்னும் முக்கியம். சென்னை மெட்ரோவில் மின்சாரம் தலைக்கு மேலே, 25,000 வோல்ட் கம்பியில் வருகிறது. பெங்களூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடும். அதில் 750 வோல்ட் நேர்மின்சாரம். மேலே மூடி போட்டிருக்கும், ஆனால் இருட்டில் தடுமாறி விழுபவனின் கைக்கு மூடி தெரியுமா? ஊழியர் வந்து, மின்சாரம் வெட்டியாயிற்று, இந்தப் பக்கமாக இறங்குங்கள் என்று சொல்லும்வரை கால் கீழே படக்கூடாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஊரே இருண்டுபோனால்? அதுவும் நடந்திருக்கிறது. 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்து விழுந்தபோது டெல்லி மெட்ரோவின் எல்லாப் பாதைகளும் நின்றன. சுரங்கத்திலும் ரயில்கள் இருந்தன. பயணிகளைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள். தெற்குத் தொகுப்பு அப்போது வடக்கோடு ஒரே லயத்தில் இணைக்கப்படவில்லை, 2013 டிசம்பர் 31-இல்தான் இணைத்தார்கள். அதனால் அந்தச் சரிவு நம்மைத் தொடவில்லை. நமக்கு அந்த வருடம் சொந்த மின்வெட்டே போதுமானதாக இருந்தது, தருமபுரிக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். நியூயார்க்கில் 2003 ஆகஸ்ட் 14 மாலை மின்சாரம் போனபோது ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் பாதாள ரயில்களில் இருந்தார்கள். சுரங்கங்களிலிருந்தும் பாலங்களிலிருந்தும் அவர்களை நடத்திக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார்கள். புகை இல்லாத இருட்டு மனிதனைக் கொல்வதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை எங்கேயும் நடந்ததில்லை.

ஆனால் கொல்லாதது எல்லாம் சும்மா விடுவதும் இல்லை. 2009 டிசம்பரில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடிச் சுரங்கத்தில் ஐந்து யூரோஸ்டார் ரயில்கள் ஒரே இரவில் முடங்கின. வெளியே கடும் பனி. பொடிப்பனி இன்ஜினுக்குள் புகுந்து, சுரங்கத்தின் கதகதப்பில் உருகி, மின்கருவிகளை நனைத்துவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், சிலர் பதினாறு மணி நேரம்வரை. யாரும் சாகவில்லை. ஆனால் பின்னால் நடந்த விசாரணையில் பயணிகள் கொதித்தது பழுதைப் பற்றி அல்ல, தங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதைப் பற்றி. 2011 டிசம்பரில் சிங்கப்பூரில் ரயில்கள் சுரங்கத்தில் நின்றபோது ஒரு பயணி தீயணைப்பு உருளையை எடுத்துக் கண்ணாடியை உடைத்தார். ஒழுங்குக்குப் பேர்போன ஊர்! இருட்டும் புழுக்கமும் மௌனமும் சேர்ந்தால் எந்த ஊர்க்காரனும் அதைத்தான் செய்வான். என் வேலைக்காலம் முழுக்க நான் சண்டை போட்டது இதற்குத்தான்: தெரிந்தது ஒன்றுமில்லை என்றால் "இன்னும் தெரியவில்லை, இரண்டு நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன்" என்றாவது ஓட்டுநர் சொல்ல வேண்டும். சில நேரம் கேட்டார்கள், பல நேரம் இல்லை.

இங்கே அம்மாவுக்கு ஒரு தனிச் சிக்கல். பெங்களூரில் அறிவிப்பு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழில் வராது. நம் மாவட்டத்தில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ புழங்குவதால் ஓரளவு பிடிபடலாம். பிடிபடாவிட்டால், "என்ன சொல்கிறார்" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அந்த ரயிலில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கமாட்டார்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: புகை இல்லை. புகை வந்துவிட்டால் கணக்கே வேறு. 1995 அக்டோபர் 28, அஜர்பைஜானின் பாகு நகரம். ஓடிக்கொண்டிருந்த ரயிலில் மின்கோளாறால் தீ. நிலையத்தை விட்டு இருநூறு மீட்டர் தாண்டிய நிலையில் ஓட்டுநர் சுரங்கத்துக்குள்ளேயே ரயிலை நிறுத்திவிட்டார். கதவுகள் எளிதில் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் விசிறிகளின் திசையை மாற்றினார்கள். புகை ஜனங்கள் தப்பி நடந்துகொண்டிருந்த பக்கமே போய்விட்டது. 289 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைத் தீ தொடவே இல்லை, புகையில்தான் போனார்கள். சுரங்க விசிறிக்காரர்கள் எல்லோருக்கும் இது பாடம். ஜனங்கள் ஒரு பக்கம், புகை எதிர்ப்பக்கம். புதுக் காற்று நடப்பவர்களின் முகத்தில் அடிக்க வேண்டும்.

பாடம் படித்தவன்தான் நானும். இருந்தும் ஒரு நள்ளிரவு ஒத்திகையில், செயற்கைப் புகை போட்டு ஊழியர்களையே பயணிகளாக நடக்கவைத்தபோது, ரயிலின் எந்த முனையில் தீ என்று ஓட்டுநர் சொன்னதை நான் தலைகீழாக எடுத்துக்கொண்டு தப்பான பக்கம் விசிறியை விட்டேன். நாற்பது பேர் இருமிக்கொண்டே வந்தார்கள். நிலைய அதிகாரி என்னை ரேடியோவில் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அது பாலில்லாத டீ குடித்தால் சரியாகிப்போகிற செயற்கைப் புகை. அதற்கப்புறம் "முன்பக்கம், பின்பக்கம்" என்ற சொற்களையே எங்கள் அறையில் தடை செய்தோம். எந்த நிலையத்தின் பக்கம் என்று பெயர் சொல்ல வேண்டும் என்று ஆனது.

தென்கொரியாவின் தேகு நகரில் 2003 பிப்ரவரி 18-இல் நடந்தது இன்னும் சங்கடமானது, ஏனென்றால் நான் மேலே சொன்ன அறிவுரையோடு அது மோதுகிறது. ஒருவன் ரயிலுக்குள் தீ வைத்தான். அந்த ரயிலில் இருந்தவர்கள் பலர் ஓடித் தப்பினார்கள். எதிர்ப்பக்கம் வந்து நின்ற இரண்டாவது ரயிலில் மின்சாரம் போனது, கதவுகள் மூடிக்கிடந்தன, காத்திருங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஓட்டுநர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். சாவி போனால் கதவும் போச்சு. 192 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அந்த இரண்டாவது ரயிலில். ஆகவே "ரயிலிலேயே இரு" என்பது வேதவாக்கு இல்லை. புகை கண்ணில் படாதவரை, மூக்கில் ஏறாதவரை இரு. வெறும் கருகல் வாடை பிரேக்கிலிருந்தும் வரும். அதற்காகக் குதிக்க வேண்டாம், கதவுக்கு அருகிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி ஓட்டுநரிடம் சொன்னால் போதும். அழுத்தினால் ரயில் நடுச்சுரங்கத்தில் நின்றுவிடுமோ என்று பயப்படாதீர்கள். பாகுவுக்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான விதி ஒன்றுதான்: ஓடக்கூடிய ரயிலைச் சுரங்கத்தில் நிறுத்தாதே, அடுத்த நிலையத்துக்கு ஓட்டு. ஒன்றிரண்டு நிமிட தூரம்தான்.

புகை உண்மையாகவே பெட்டிக்குள் நிறைந்தால் முதலில் அடுத்த பெட்டிக்கு நகர வேண்டும். நம் மெட்ரோக்களில் பெட்டிக்குப் பெட்டி நடந்து போகலாம், அது பெரிய வரம். முடிந்தவரை குனிந்து, ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு. கொல்கத்தாவில் 2018 டிசம்பர் 27-இல் ரவீந்திர சதனுக்கும் மைதானுக்கும் நடுவே ரயிலில் தீப்பிடித்துப் புகை வந்தபோது சிலர் கண்ணாடியை உடைத்தார்கள், கடைசியில் பலரை ஓட்டுநர் அறை வழியாக இறக்கினார்கள். உயிரிழப்பு இல்லை, மூச்சுத் திணறியவர்கள் பலர். கண்ணாடியை உடைப்பதில் எனக்கு முழுச் சம்மதம் எப்போதும் இருந்ததில்லை. புகை பெட்டிக்கு வெளியே இருந்தால், உடைப்பவன் அதை உள்ளே அழைக்கிறான். புகை உள்ளேயே இருந்து, கதவும் திறக்காவிட்டால், அப்போது உடைக்கத்தான் வேண்டும். எது என்று அந்த நிமிடத்தில் அந்த இடத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

இறங்கி நடக்க நேர்ந்தால், ரயிலின் முன்முகத்திலுள்ள அவசரக் கதவு வழியாகவோ, சுவரோரம் ஓடும் ஒற்றையடி நடைமேடை வழியாகவோ நடத்திப்போவார்கள். இரண்டு சுரங்கங்களையும் இணைக்கும் குறுக்குவழிகள் உண்டு. உலகம் முழுவதும் பின்பற்றப்படும் அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 130 என்ற தீப்பாதுகாப்பு விதிப்படி அவை 244 மீட்டருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். கதவைத் தாண்டிப் பக்கத்துச் சுரங்கத்துக்குப் போய்விட்டால் புகையிலிருந்து விலகியாயிற்று.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நம்மூரில் சுரங்கப்பாதை என்றாலே ரயில்வே லைனுக்கு அடியில் மழைக்கு முட்டளவு தண்ணீர் நிற்கும் பாதைதான் நினைவுக்கு வரும், அதனால் கேட்பது நியாயம். சீனாவின் செங்சோவில் 2021 ஜூலை 20-இல் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை கொட்டி, சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து, ரயிலில் இருந்த 14 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழையில் ரயிலை ஓட்டியதே தவறு. கொட்டுகிற மழை என்றால் மேலேயே ஒரு மணி நேரம் டீ குடித்துக்கொண்டு இருங்கள். பெங்களூரில் அதற்குச் சாலையும் உதவாது.

இனி உங்கள் அம்மாவுக்கு. இன்ஹேலர் கைப்பையில், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். மருந்துச் சீட்டும் ஸ்கேன் படங்களும் இருக்கும் பெரிய பையின் அடியில் வேண்டாம். கூடவே அரை லிட்டர் தண்ணீர், ஒரு பருத்தித் துண்டு. விடியற்காலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். ரத்தப் பரிசோதனைக்காகச் சாப்பிடாமல் போகும் நாட்களில் மட்டும் கூட்டம் குறைந்த ரயிலுக்குக் காத்திருங்கள், ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது. பெங்களூரில் முதல் பெட்டி பெண்களுக்கானது. அம்மாவை அதில் ஏற்றுவது நல்லது: உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஓட்டுநர் பக்கத்திலேயே இருக்கிறார், முன்முகக் கதவும் அங்கேதான். நீங்கள் அதில் ஏற முடியாது என்பதால் அடுத்த பெட்டியில் அவர் கண்ணில் படுகிற மாதிரி நில்லுங்கள். ரயில் நின்றால், உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டாம். எழுந்து கதவுப் பக்கம் நெருக்குவதில்தான் பாதி மூச்சுத் திணறல் வருகிறது.

முட்டிவலிக்காரர் சுரங்கத்தில் எப்படி நடப்பது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நான் வேலை செய்த மூன்று ஊர்களிலும், புகை இல்லாதபோது நடக்க முடியாதவர்களை இறக்கியதில்லை. ஒரு ஊழியரைத் துணைக்கு வைத்து ரயிலிலேயே உட்காரவைத்து, மீட்பு ரயிலோடு சேர்த்து நிலையத்துக்கு இழுத்துப்போவோம். ஆனால் அவர் வாய் திறந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். நம் அம்மாக்கள் சொல்லமாட்டார்கள். எல்லோரும் இறங்கும்போது நமக்கு மட்டும் என்ன என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கிவிடுவார்கள். கன்னடத்தில் "நடெயோக்கே ஆகல்லா" என்றால் நடக்க முடியாது என்று பொருள். அந்த இரண்டு வார்த்தையை மட்டும் பஸ்ஸில் போகும்போது சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஆர்.வி. ரோட்டில் மாறும்போது லிஃப்ட் எங்கே என்று கேட்கவும் அது உதவும்.